லட்சத்தில் ஒன்று

ஒன்பதாவது விடைத்தாளில் அந்த வரி இருந்தது. கோமதிநாயகம் அதைத் தாண்டிப் போய்விட்டார், கை அந்த வரிக்குச் சிவப்பு மையில் ஒரு சரிகூடப் போட்டுவிட்டது, கண் மட்டும் கூட வராமல் பின்னாலேயே நின்றுகொண்டது. 'மின்மாற்றியின் உள்ளகத்தை எண்ணெயில் பொரிக்க வேண்டும்.' பொதிக்க இல்லை, பொரிக்க. அப்பளத்தைப் பொரிப்பதுபோல. தலைக்கு மேல் மின்விசிறி சுற்றுக்கு ஒருமுறை டக்கென்று தட்டிக்கொண்டே ஓடியது. கோவில்பட்டியின் ஏப்ரல் வெயில் ஜன்னல் கம்பியைத் தாண்டி மேசை விளிம்புவரை வந்துவிட்டது. பிளஸ் டூ இயற்பியல், காலை வேளைக்கு ஆளுக்குப் பன்னிரண்டு தாள், தாளில் எண் மட்டும் உண்டு, பெயர் கிடையாது, எந்த மாவட்டத்துப் பிள்ளை என்று திருத்துகிறவருக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. இருபத்தெட்டு வருஷமாகத் திருத்துகிறார், ஒருநாளும் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதில்லை. இப்போது ஆசையாக இருந்தது. யாரப்பா நீ, எந்த ஊர், இந்த வார்த்தையை எங்கிருந்து எடுத்தாய். கை தப்பியிருக்கும், ஒரு எழுத்துத்தானே, அவசரத்தில் யாருக்கும் வரும். ஆனால் அடுத்த வரியில் பயனுறுதிறன் இருக்கிறது. சரியான விடை 96 முதல் 99 விழுக்காடு. அடுத்த வரியில் 96 என்று இருந்துவிட்டால் இது வெறும் கைத்தப்பு, ஒரு சிரிப்போடு முடிந்தது. அவர் இடது உள்ளங்கையை அந்த வரியின்மேல் வைத்து மூடிக்கொண்டிருந்தார் என்பதை அப்போதுதான் கவனித்தார். கேள்வித்தாள் வாங்கிய பிள்ளை கடைசிக் கேள்வியைப் பார்க்கப் பயந்து மூடிவைப்பதுபோல. ஐம்பத்தைந்து வயது ஆள். கையை எடுத்தார். 69 முதல் 99 விழுக்காடு.

ஜனவரி. திருப்புதல் தேர்வு. ஜெனோவாவின் தாளை முதலில் திருத்தினார், வகுப்பிலேயே முதல் பிள்ளை, அவள் தாளில் மின்மாற்றியை எண்ணெயில் பொரித்திருந்ததைப் பார்த்து ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டிச் சிரித்தார். பத்து நிமிஷம் கழித்து இசக்கியம்மாளின் தாள் வந்தது. அதே பொரிக்க. அதே 69. சிரிப்பு நின்றுபோனது. இசக்கியம்மாள் ஜெனோவாவுக்கு நேர் பின்பெஞ்சு, முப்பது மார்க்கைத் தாண்டவே முக்குகிற பிள்ளை, அந்தத் தேர்வில் ஐம்பத்தெட்டு எடுத்திருந்தாள். சரியான விடை ரெண்டு பேரிடம் ஒரேபோல இருந்தால் அதில் ஒன்றும் இல்லை, சரி என்பது எல்லோருக்கும் பொது. தப்பு அப்படி இல்லை. தப்பு அவரவர் சொந்தம். ஒரே தப்பு, ஒரே இடத்தில், ரெண்டு தடவை. ஸ்டாஃப் ரூம் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதியே காட்டினார். 96 தலைகீழாக மாறுவது நூறில் ஒரு பிள்ளைக்கு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள், பொதிக்க என்பது பொரிக்க ஆவது ஆயிரத்தில் ஒன்று, ரெண்டையும் பெருக்குங்கள், லட்சத்தில் ஒன்று. லட்சத்தில் ஒன்று என்பதன் கீழே ரெண்டு கோடு. அந்தக் கோடு போட்டபோது விரலில் வந்த உறுதி இன்னும் ஞாபகம் இருக்கிறது. தமிழ் ஆசிரியை ஒருத்தி, அந்தப் பிள்ளை அப்படிச் செய்யாது சார் என்று சொன்னாள், அவர் அவளை விட்டுவிட்டுக் கரும்பலகையைப் பார்த்துத்தான் பதில் சொன்னார், செய்யும் செய்யாது என்று நமக்கு எப்படிம்மா தெரியும், ஆதாரம் இருக்குல்லா. எதில படிச்ச, சொல்லு என்று இசக்கியைக் கேட்டார். கேட்டார்தானே? கேட்டார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை கேட்டார். படிச்சுத்தான் சார் எழுதினேன் என்றாள். எதில? பேசவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள், பெருவிரல் சிமெண்டுத் தரையில் ஒரு கீறலைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. அந்த மௌனத்தையும் ஆதாரக் கணக்கில் சேர்த்துக்கொண்டார். மறுநாள் அவள் அப்பா வந்தார், கொத்தனார், வேலை நடுவிலிருந்து கூப்பிட்டதால் காலில் சிமெண்டு காய்ந்து வெள்ளையாக இருந்தது, ஸ்டாஃப் ரூம் வாசலிலேயே நின்றார், யாரும் நாற்காலி போடவில்லை. கோமதிநாயகம் ரெண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அந்த மனிதர் தாளைப் பார்க்கவே இல்லை. இவர் முகத்தைப் பார்த்தார். "சார் சொன்னாச் சரியாத்தான் சார் இருக்கும்" என்றார். திரும்பி மகளைப் பார்த்து, "படிச்சவங்க பொய்யா சொல்லுதாங்க?" என்று கேட்டார். ஓங்கவில்லை, அடிக்கவில்லை. மெதுவாகத்தான் கேட்டார். ஒரு வாரம் கழித்து அவள் பெயருக்கு நேரே வருகைப் பதிவேட்டில் வரிசையாக வந்துகொண்டிருந்தது, வரவில்லை, வரவில்லை, வரவில்லை. பிராக்டிகலுக்கும் வரவில்லை. மார்ச்சில் அவள் எண் ஒட்டிய பெஞ்சு மூன்று மணி நேரம் சும்மா கிடந்தது.

இந்த ஒன்பதாவது தாள் பிள்ளைக்கு ஐந்துக்கு எத்தனை போடுவது என்று நினைத்தார், நினைக்க வேறு எதுவும் கிடைக்காததால். படம் சரி, தத்துவம் சரி, பொரிக்க என்பதற்குக் குறைக்க முடியாது, எழுத்துப்பிழை, 69க்கு அரை மார்க் குறையும். நாலரை. பத்தாவது தாள் வேறு கேள்வியை எழுதியிருந்தது, அதைத் திருத்தும் பத்து நிமிஷமும் நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி வந்து உட்கார்ந்திருந்தது. லட்சத்தில் ஒன்று என்றால் என்ன அர்த்தம், லட்சத்தில் ஒருவர் இருக்கிறார் என்றுதானே, மாநிலம் முழுக்க எட்டு லட்சம் பிள்ளைகள் எழுதுகிறார்கள், ஒன்று என் மேசைக்கு வந்துவிட்டது, வரக்கூடாது என்று சட்டமா. பதினோராவது தாளை எடுத்தார். நேரே அந்தக் கேள்விக்குப் புரட்டினார், அப்படிப் புரட்டக் கூடாது, வரிசையாகத்தான் திருத்த வேண்டும், புரட்டினார். எண்ணெயில் பொரிக்க வேண்டும். 69 முதல் 99. ஸ்டேப்பிள் பின் நகக்கண்ணில் ஏறிச் சுருக்கென்றது, விரலை வாயில் வைத்துக்கொண்டார், ரத்தமும் மையும் கலந்த ருசி. அப்புறம் நடந்ததுதான் அவருக்குப் பிறகு வெகுநேரம் ஆச்சரியமாக இருந்தது. அவருக்குச் சந்தோஷம் வந்தது. ரெண்டும் ஒரே கட்டு! ஒரே கட்டு என்றால் ஒரே தேர்வு மையமாக இருக்கும், ஒரே அறையாக இருக்கும், முன்னும் பின்னுமாக உட்கார்ந்திருப்பார்கள், இதுவும் காப்பிதான், பார்த்தாயா, நான் சொன்னதுதான், ஒரே தப்பு ரெண்டு பேரிடம் இருந்தால் அது காப்பி. அந்தச் சந்தோஷம் தொண்டையில் வெல்லம்போலக் கரைந்துகொண்டிருக்கும்போதே எங்கேயோ பார்த்த முகம் ஒன்று எதிரே வந்தது. பருவக்குடிப் பக்கம் ஒரு ஊர், ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால். மூடநம்பிக்கை ஒழிப்புக் கூட்டம் என்று நண்பர்களோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த காலம். உள்ளங்கையில் சூடத்தை எரியவிட்டுக் காட்டுவார், நாக்கில் வைத்து அணைப்பார், காற்றிலிருந்து விபூதி எடுப்பார், பிறகு எப்படிச் செய்தேன் என்று சொல்லிக்கொடுப்பார், நான் சொல்கிறேன் என்பதற்காக நம்பாதீர்கள், ஆதாரம் மாறினால் மனசை மாற்றிக்கொள்ள வெட்கப்படாதீர்கள் என்று மைக்கில் சொல்லி முடிப்பார். அந்த ஊரில் எல்லாம் முடிந்தபின் ஒருவர் எழுந்து, "நீங்க செஞ்சது வித்தை சார், எங்க சாமியாடி செய்யது நிசம்" என்றார். கூட்டம் சிரித்தது. எழுந்தவர் சிரிக்கவில்லை, கோமதிநாயகம்தான் வண்டியில் திரும்பி வரும்போது வழியெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார், என்ன காட்டினாலும் அவன் பக்கமே திருப்பிக்கொள்கிறான் பாருங்கள் என்று. அந்த ஆள் முகத்தில் அன்றைக்கு இருந்தது இந்தச் சந்தோஷம்தான். தப்பித்துவிட்ட சந்தோஷம். இது ஆதாரத்தால் வருவதில்லை. ஆனால் ஆதாரமும் என் பக்கம்தானே இருக்கிறது இப்போது? ஒரே கட்டு. ஒரே அறை. இல்லையென்று யார் சொன்னார்? ஆமென்று யார் சொன்னார்?

"சார், இங்க ஒரு ஆளு ட்ரான்ஸ்ஃபார்மரை எண்ணெயில பொரிக்கச் சொல்லுதான்." எதிர்மேசை மெர்லின். சாத்தான்குளம் பக்கத்துப் பள்ளிக்கூடம், வேலைக்கு வந்து நாலு வருஷம் இருக்கும், சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் இருந்தது வேறு கட்டு. அவர் கண் முதலில் போனது அதன்மேல் எழுதியிருந்த கட்டு எண்ணுக்குத்தான், அவருடையதற்கும் அதற்கும் நூற்றுச் சொச்சம் தள்ளி. "அடுத்த வரி?" என்று கேட்டார். "என்ன சார்?" "அடுத்த வரியில பயனுறுதிறன் எவ்வளவும்மா போட்டிருக்கு?" அவள் பார்த்தாள். "அறுபத்தொம்பது சார். பாவம், மாத்தி எழுதிருச்சு." பிறகு அவளாகவே, யாரும் கேட்காமலே, கேட்டிருந்தால்கூட இப்படி ஒரு நேரான பதில் வந்திருக்காது, "அது அந்த நோட்ஸ் சார்" என்றாள். "வாட்ஸ்அப்பில ஒரு பி.டி.எஃப் சுத்துதுல்லா, பத்தே நாளில் பாஸ்னு. யாரோ டியூஷன்காரங்க அடிச்சது, பூராத் தப்பு. எங்க ஸ்கூல்ல பாதிப் பிள்ளைங்க அதத்தான் படிக்குதுங்க. நான் தப்பெல்லாம் வட்டம் போட்டுக் கொடுத்தேன், அப்படியும் சிலது இப்படி எழுதி வச்சிரும்." அவள் குனிந்து திருத்தப் போய்விட்டாள். அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மின்விசிறி டக்கென்றது. கரும்பலகையில் போட்ட பெருக்கல் கண்முன் நின்றது, நூறு, ஆயிரம், லட்சம், பெருக்கலில் பிழை இல்லை, பெருக்கல் சரியான பெருக்கல். ரெண்டு பிள்ளைகளும் தனித்தனியாகத் தப்பு செய்திருந்தால் லட்சத்தில் ஒன்று. தனித்தனியாக இல்லையென்றால் ஒருத்தி மற்றவளைப் பார்த்து எழுதியிருக்க வேண்டும். இந்த ரெண்டுதான் என்று முடிவு செய்தது யார்? ரெண்டு பேரும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்திருக்கலாம் என்று ஒரு மூன்றாவது இருந்ததே, எட்டாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லியிருக்குமே. அது ஏன் எனக்குத் தோன்றவில்லை. தோன்றவில்லையா, தோன்றவிடவில்லையா. ஜூன் மாதம் ஒரு பையன் பையிலிருந்து கைடு ஒன்றை எடுத்து வகுப்பு நடுவில் நான்காகக் கிழித்துப் போட்டாரே, பாடப்புத்தகத்தைத் தவிர வேறு எதையாவது யார் கையிலாவது பார்த்தேன் என்றால் என் வகுப்பில் இடமில்லை என்று கத்தினாரே. ஜனவரியில் கேட்டபோது ஜெனோவாவும் அழுதுகொண்டு தெரியாது சார், தெரியாது சார் என்றுதான் சொன்னாள். எதில படிச்ச என்று மூன்று தடவை கேட்டார், பதிலைச் சொல்ல முடியாதபடி ஆறு மாதத்துக்கு முன்பே அடைத்துவிட்டுக் கேட்டார். அடைத்த வாயைப் பார்த்து, பார், பேசவில்லை, அதுவும் ஆதாரம் என்றார்.

மனைவி சண்முகவடிவு ஜனவரியிலேயே சொன்னாள். சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள், "ஆண்டு விழாவில பாத்திருக்கேன், அந்தப் பிள்ளை பொய் சொல்லுற முகமா எனக்குத் தெரியலைங்க." முகத்தை வைத்தா முடிவு பண்ணுவது என்று அவளை அடக்கினார். அது சரிதானே, முகத்தை வைத்து முடிவு பண்ணக் கூடாது, இப்போதும் கூடாது. அவள் காரணமில்லாமல் சரியாக இருந்தாள், நான் காரணத்தோடு தப்பாக இருந்தேன், இதில் எது மோசம் என்று இந்த நிமிஷத்தில்கூட யோசித்துக்கொண்டிருக்கிறேன் பார், ஏதோ பட்டிமன்றம்போல. என் காரணம் காரணமே இல்லை, பாதிக் காரணம். பாதிப் பாலத்தில் ஒரு பிள்ளையை நடக்கவிட்டேன். இசக்கியைத் துணிக்கடையில் பார்த்ததாகவும் சண்முகவடிவுதான் வந்து சொன்னாள், பங்குனித் திருவிழாச் சமயத்தில், பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் நைட்டி எடுத்துக் காட்டினாள், என்னை அடையாளம் தெரியவில்லை, நானும் சொல்லிக்கொள்ளவில்லை என்று. அப்போது அவர் செய்தித்தாளைப் புரட்டினார். பன்னிரண்டாவது தாள் திறந்தபடி கிடந்தது. யாருக்கும் தெரியாது. அந்த நினைப்பு ரொம்ப சாதுவாக, பூனைமாதிரி வந்து பக்கத்தில் படுத்துக்கொண்டது. இந்தத் தாள்கள் இன்று மாலை மூட்டை கட்டப்படும், சீல் வைக்கப்படும், படம் எடுக்க முடியாது, வெளியே சொல்லக் கூடாது, மெர்லினுக்கு இசக்கியம்மாளைத் தெரியாது, ஸ்டாஃப் ரூம் கரும்பலகை எப்போதோ அழிந்துவிட்டது. உலகத்தில் இந்த ரெண்டு முனையையும் சேர்த்து வைத்திருப்பது என் மண்டை ஒன்றுதான். பயம் வந்தது, ஆனால் பூனையைப் பற்றி இல்லை. இருபத்தெட்டு வருஷம். எத்தனை பேரை வாசலில் நிறுத்தியிருப்பேன், எத்தனை அப்பாக்கள். தொண்ணூற்றெட்டில் ஒரு பையன், ரெக்கார்டு நோட்டைத் திருடினான் என்று. அவன் பெயர் என்ன. பெயர் வரவில்லை, நீலச் சட்டை மட்டும் வந்தது. எல்லாவற்றையும் திறக்க வேண்டியிருக்குமோ. திறந்தால் எது மிஞ்சும். அப்புறம் ஒன்று உறைத்தது, அது மற்ற எதையும்விட ஆழமாகப் போய்த் தைத்தது. ஜனவரியில் அந்த ரெண்டு தாளையும் எத்தனையோ பேருக்குக் காட்டினார், தலைமையாசிரியருக்கு, சக ஆசிரியர்களுக்கு, கொத்தனாருக்கு. அந்தப் பிள்ளைகள் ரெண்டு பேரிடமும் 69 இல்லம்மா, 96 என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தப்பைக் கண்டுபிடித்த வாத்தியார் தப்பைத் திருத்தவில்லை, எடுத்துக் கொடியாகப் பிடித்துக்கொண்டு தெருவில் போனார். மெர்லின் வட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறாள். நாலு வருஷம் வேலை பார்த்தவள். அவருக்கு அவள்மேல் ஏனோ ஒரு பிரியம் வந்தது, அந்தப் பிரியம் வந்த வழியே மூச்சும் கொஞ்சம் இறங்கியது. வட்டம் போட முடியும். தப்பு என்றால் அழிந்துபோவது என்று இல்லை, வட்டம் போட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதுவது, இத்தனை வருஷமாகச் சிவப்பு மையால் செய்துகொண்டிருப்பது வேறென்ன. பன்னிரண்டாவது தாளை முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார், வரிசையாக, ஒரு வரி விடாமல், கூட்டல் ரெண்டு தடவை சரிபார்த்து முடித்தார். மணி அடித்தது. மெர்லின் டப்பாவைத் திறந்தபடி, "சார், சாப்பிட வரலியா?" என்றாள். "அந்த பி.டி.எஃப் உங்க போன்ல இருக்காம்மா? எனக்கு அனுப்பிவையிங்க" என்றார். "எதுக்கு சார் அந்தக் குப்பை?" "நான் பண்ணுன தப்பு ஒண்ணு இருக்கு, அதுக்கு வேணும்."

சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம். வெயில் தார்ரோட்டை வேகவைத்தது, பஸ் ஸ்டாண்டு பக்கம் கடலைமிட்டாய்க் கடைகளின் பாகு வாசனை சூட்டோடு கலந்து வந்தது, இசக்கியிடம் சொல்ல நடந்துகொண்டே வாக்கியம் செய்தார். நான் அன்றைக்கு இருந்த ஆதாரத்தை வைத்து. வேண்டாம். சூழ்நிலை அப்படி. அதுவும் வேண்டாம். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். அதுதான் பருவக்குடிக்காரர். ஒவ்வொரு வாக்கியமும் தொடங்கும்போது அவள் பக்கம் நின்று, முடியும்போது இவர் பக்கம் வந்துவிட்டது. கடைக்குள் ஏ.சி. முகத்தில் அடித்தது. வாசலில் நின்ற பெண் என்ன சார் பாக்குறீங்க என்றாள், இசக்கியம்மாள் என்றார், அந்தப் பெண் மாடிப்படியைக் காட்டினாள். மேலே இசக்கி நைட்டிகளை மடித்து அடுக்கிக்கொண்டு இருந்தாள். கடைச் சீருடையில் வளர்ந்துவிட்டவள்போல இருந்தாள். நிமிர்ந்து, "வாங்க சார், எந்த சைஸ்..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்தினாள். கை மட்டும் மடிப்பை நீவிக்கொண்டே இருந்தது. செய்துவைத்த வாக்கியம் ஒன்றும் வாயில் இல்லை.

"நீ காப்பி அடிக்கலம்மா" என்றார். "எனக்கு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. அந்த நோட்ஸ்ல தப்பு. ஜெனோவாவும் அதத்தான் படிச்சிருக்கா. நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

பக்கத்துப் பலகையில் பாவாடை காட்டிக்கொண்டிருந்த பெண்கள் ரெண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தவில்லை. அவள் அவரையே பார்த்தாள், வகுப்பில் ஒருநாளும் அப்படி நேராகப் பார்த்ததில்லை.

"அத ஏன் சார் எங்கிட்ட வந்து சொல்லுதிய?" என்றாள். "நான் காப்பி அடிக்கலைன்னு எனக்குத் தெரியுமே."

அவர் தலையாட்டினார்.

"எங்க அப்பாவுக்குத்தான் தெரியாது. மூணு மாசமா எங்கிட்ட சரியாப் பேசல. நான் சொன்னா நம்ப மாட்டாரு, சார் சொன்னாத்தான் நம்புவாரு."

"வாரேன்" என்றார். "இன்னைக்கே வாரேன். அவர் நான் சொல்லுறத நம்ப வேண்டாம், அந்த நோட்ஸையே காட்டுதேன். அவர் வாசிச்சுப் பாக்கட்டும்."

"அவருக்கு வாசிக்கத் தெரியாது சார்."

"அப்போ நீ வாசிச்சுக் காட்டு. நான் பக்கத்துல நிக்கேன்."

அவள் கடைசி நைட்டியை அடுக்கின்மேல் வைத்தாள். "ஆறு மணிக்கு எனக்கு முடியும். வாசல்ல நில்லுங்க. பஸ்ல போயிரலாம், இருபது நிமிசம்." இவ்வளவும் சொன்னவள் முகத்தில் மன்னிப்பு என்று எதுவும் இல்லை, இருக்க வேண்டும் என்று அவர் எதிர்பார்க்கவும் இல்லை. ஜூனில் துணைத் தேர்வு வரும் என்று சொல்ல வாயெடுத்து, அதைச் சொன்னால் பரிகாரம் செய்துவிட்டதாக ஆகிவிடுமோ என்று தயங்கி, சொல்லாமல் படியிறங்கத் திரும்பினார். மூன்றாவது படியில் இருக்கும்போது மேலிருந்து குரல் வந்தது.

"சார், துணைத் தேர்வு எழுதுனா பிராக்டிகலும் செய்யணுமா?"

"செய்யணும்" என்றார், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து. "நான் சொல்லித்தாரேன்னு சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கான்னு தெரியல. நீ சொன்னா சொல்லித்தாரேன்."

"பாப்போம் சார்" என்றாள். "முதல்ல சாயங்காலம் வாங்க."